ஓடுபாதை தப்பியும் பறக்காத விமானங்கள்

2018 செப்டம்பர் 6, விடியற்காலை 3 மணி 7 நிமிடம். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ நிலநடுக்கத்தில் குலுங்கியது. நியூ சிட்டோசே விமான நிலையத்தின் ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை. ஆனாலும் அன்று அங்கிருந்து ஒரு பயணிகள் விமானம்கூடக் கிளம்பவில்லை!

காரணம் மின்சாரம். தீவின் தேவையில் ஏறக்குறைய பாதியை அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது தொமாதோ அட்சுமா அனல்மின் நிலையம். அதிர்வில் அது நின்றதும் பளு தாங்காமல் மற்ற மின்நிலையங்களும் அடுத்தடுத்து நின்றன. பதினெட்டே நிமிடங்களில் தீவு முழுவதும் இருள். ஏறத்தாழ 30 லட்சம் வீடுகளில் விளக்கில்லை. விமான நிலையக் கட்டடத்தில் மின்சாரம் போனதோடு தண்ணீர்க் கசிவும் சேர்ந்துகொண்டது. ரயில்களும் ஓடவில்லை. உள்நாட்டு விமானங்கள் மறுநாள்தான் பறந்தன.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஹெய்ட்டியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் துறைமுகம் சிதைந்து, கப்பல்கள் கரைசேர வழியில்லாமல் போனது. உணவு, மருந்து, மருத்துவர்கள் என அத்தனைக்கும் ஒற்றை ஓடுபாதை கொண்ட விமான நிலையமே கதி. அதன் கட்டுப்பாட்டுக் கோபுரமோ சேதமடைந்திருந்தது. அமெரிக்க விமானப்படையினர் ஓடுபாதையோரம் மடக்கு மேசை போட்டு, வானொலிக் கருவிகளோடு உட்கார்ந்து விமானங்களை இறக்கினார்கள். அசாத்தியமான உழைப்பு அது. அப்படியும் இடமில்லாமல் பல விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்தன. சில, பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திரும்பின. வந்திறங்கிய விமானங்களுக்கு நிரப்ப எரிபொருள் கிடைக்கவில்லை. திரும்பிப் போகத் தேவையானதையும் அவை சுமந்தே வரவேண்டியிருந்தது.