புகழ்ப்பாவில் தோற்றம்: அளவெட்டிக் கல்வெட்டும் சூலு மரபும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில், ஒருவர் இறந்து 31ஆம் நாளில் நிகழும் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியக் கிரியைகளுக்கு வருவோரிடம் வழங்கப்படும் நினைவு நூல் ‘கல்வெட்டு’ எனப்படும். அளவெட்டி போன்ற ஊர்களில் வழங்கும் இந்நூல்களில், இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் செய்யுளில் அமைத்துக் கூறும் திதி வெண்பாவைத் தொடர்ந்து, ஊரின் வளம், மரபு, கல்வி, தொழில், குணம் என்பன பாடப்பெற்று, மனைவி மக்களின் புலம்பலோடு பாட்டு நிறைவுறுவது வழக்கம்.

நூலின் முகப்பில் இறந்தவரின் நிழற்படம் இருக்கையில், உள்ளேயுள்ள பாட்டு மலர்ந்த முகம், நீறணிந்த நெற்றி, இன்சொல் வாய் என்று அவரை மீண்டும் வருணிப்பது ஏன் என்ற வினா எழலாம். இவ்வருணனை பலருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைவதே அதற்கு விடையும் ஆகும். ஆளை அடையாளம் காட்டும் பணி நிழற்படத்துக்குரியது, நீறணிந்த நெற்றி என்னும் தொடரோ அவரது சமய ஒழுக்கத்தையும், மலர்ந்த முகம் என்பது விருந்தோம்பலையும் ஊரார் முன் சான்றுரைக்கின்றன.

இம்முறைக்கு நீண்ட பின்புலம் உண்டு. ஒருவரது புகழையும் கொடையையும் பாடுவதைப் பாடாண் திணை என்றும், இறந்தவரை எண்ணி இரங்குவதைக் கையறுநிலை என்றும் பழைய இலக்கணம் வகுத்தது. அடி முதல் முடி வரை உறுப்புகளை வரிசையாகப் பாடுவது பாதாதிகேசம். முடி முதல் அடி வரை பாடுவது கேசாதிபாதம். முன்னதைத் தெய்வங்களுக்கும் பின்னதை மக்களுக்கும் உரியதாகக் கொள்வது மரபாதலால், வருணனை தொடங்கும் இடமே பாடப்படுபவரின் நிலையை உணர்த்திவிடுகிறது. பொருநராற்றுப்படையில் பாடினி முடி முதல் அடி வரை வருணிக்கப்படுகிறாள்.

தென்னாப்பிரிக்கச் சூலு மக்களின் புகழ்ப்பாட்டான இசிபோங்கோவிலும் தோற்றம் இவ்வாறே பொருள் தருகிறது. இம்போங்கி எனப்படும் புகழ்பாடுநர், மன்னர் சாக்காவின் தந்தை செஞ்சங்ககோனாவைப் பாடுகையில், முகம், கண், வாய், கை என்று ஒவ்வோர் உறுப்பையும் குற்றமற்றதாகக் கூறி, கொடிய பஞ்சத்திலும் அழகு குன்றாத உடல் என்று போற்றுவதாகப் பாடல் அமைகிறது. அங்கு அரசனின் உடல்வளம் அவனது ஆட்சியின் வளத்துக்கும் அறிகுறியாகக் கொள்ளத்தக்கது. சாக்காவோ சிங்கமாகவும் யானையாகவும் உருவகிக்கப்படுகிறார். எளிய மக்களுக்கும் உரிய இப்பாட்டுகள், பாடப்படுபவரின் குறைகளையும் கேலியாகச் சுட்டத் தயங்குவதில்லை. துயருறும் குடும்பத்தின் முன் படிக்கப்படும் கல்வெட்டுக்கு அந்த உரிமை இல்லை.

1927இல் அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி, ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ என்னும் படைப்பின் வழி எளிய மனிதனின் வாழ்வையே காவியப் பொருளாக்கினார். அரசர்க்குரிய புகழணிகளை எளியவர்க்கும் அணிவித்துப் பார்த்தது கல்வெட்டு. அவ்வணிகள் இன்றியே அவர்கள் பாடத்தக்கவர் என்று காட்டியது அவரது கவிதை.

இன்று நூலகம் நிறுவனத்தின் மின்சேகரத்தில் கல்வெட்டு போன்ற நினைவு மலர்கள் பலவும் இடம்பெற்றுள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர், பிறப்பு, தொழில், உறவு பற்றிய செய்திகளை வரலாற்றுத் தரவாகச் சரிபார்த்துக் கொள்ளலாம். முகத்தையும் நெற்றியையும் பற்றிய அடிகளையோ, அச்சமூகம் எத்தகைய மனிதரை மதித்தது என்பதற்கான சான்றாகவே படித்தல் வேண்டும்.