பொருளைச் சுமக்கும் பலகையையும் பாருங்கள்

கடந்த மாரிகாலத்தில், கிராமமொன்றிலுள்ள பெண்கள் சங்கத்தின் களஞ்சியத்துக்குச் சென்றிருந்தோம். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென பனங்கட்டி பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தது. மேல் வரிசைகள் நன்றாகவே இருந்தன. அடி வரிசையோ நசிந்து, மூலைகள் பிளந்து, ஈரம் ஊறி, உள்ளே பனங்கட்டி கசியத் தொடங்கியிருந்தது.

“மலிவான பெட்டி வாங்கினதாலதான் இப்பிடி வந்திட்டுது எண்டு நினைக்கிறம்” என்றார் சங்கத் தலைவி. பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பெட்டியில் பெரிய குறை இல்லை. அதைத் தாங்கிய பலெட்டிலேதான் குறை இருந்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சாண் வெளி. பெட்டிகளோ விளிம்புக்கு வெளியே நான்கு விரல் நீட்டிக்கொண்டு நின்றன. பல குடும்பங்களின் ஒரு பருவ உழைப்பு, கவனிக்கப்படாத ஒரு பலகைத் தட்டினால் பழுதாகிவிட்டது. ஆகவே, பலெட்டைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றை இங்கே நோக்குவோம்.

முதலில் அளவு

உலகம் முழுவதற்கும் ஒரே அளவு இல்லை. ஐரோப்பாவில் 1200 க்கு 800 மில்லிமீற்றர், 1200 க்கு 1000 மில்லிமீற்றர் ஆகிய இரண்டும் பெருவழக்கு. அவுஸ்திரேலியாவில் 1165 மில்லிமீற்றர் சதுரம். ஜப்பானிலும் கொரியாவிலும் 1100 மில்லிமீற்றர் சதுரம். எனவே பலெட்டை வாங்குமுன், எந்த அளவை ஏற்பார் என்று கொள்வனவாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

அதன் பின்னரே பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 400 க்கு 300 மில்லிமீற்றர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1200 க்கு 800 பலெட்டில் ஒரு வரிசைக்கு 8 பெட்டிகளும், 1200 க்கு 1000 பலெட்டில் 10 பெட்டிகளும் வெளி விடாமல், விளிம்பு தாண்டாமல் அமரும். இருபதடிக் கொள்கலனின் தரையில் 1200 க்கு 1000 பலெட்டுகள் 10 வைக்கலாம். கொள்கலனில் வீணாகும் இடத்துக்கும் நாமே கூலி கொடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

பாரம் எங்கே இறங்குகிறது?

காட்போட் பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. மூலை பலகைக்கு வெளியே தொங்கினாலோ, பலகைகளுக்கு இடையிலான வெளியில் விழுந்தாலோ அந்தப் பலம் போய்விடும். செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சரியாமல் நிற்கும். ஆனால் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலமற்ற நடுப்பகுதியில் அழுத்தும். பாரமான பொருளுக்கு மூலைக்கு மேல் மூலையாக நேரே அடுக்கி, பட்டியால் இறுக்கிக் கட்டுவதே நல்லது.

12 கிலோ பெட்டிகளை வரிசைக்கு 10 வீதம் 5 வரிசை அடுக்கினால் பாரம் 600 கிலோ. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பலெட்டுகளை வைத்தால், கீழ்ப் பலெட்டின்மேல் மேற்பலெட்டின் எடையும் சேர்ந்து 1200 கிலோவுக்கு மேல் இறங்கும். இதைச் சொல்லியே பலெட்டை வாங்குங்கள். பாரந்தூக்கியின் முள் நான்கு பக்கமும் நுழையுமா, இரண்டு பக்கம் மட்டுமா என்பதையும் கேளுங்கள். நான்கு பக்கமும் நுழைந்தால் ஏற்றி இறக்குவது இலகு.

மரமும் முத்திரையும்

பச்சை மரம் ஆகாது. அதன் ஈரம் பெட்டிக்கு ஏறும்; பூஞ்சணம் பிடிக்கும். றப்பர் மரம் நம் நாட்டில் கிடைக்கும் நல்ல மரமே. எனினும், பதப்படுத்தாவிட்டால் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் அதை விரைவில் தாக்கும்.

மரத்தில் ஒளிந்து செல்லும் பூச்சிகள் பிற நாட்டுக் காடுகளை அழித்ததுண்டு. ஆசிய நீள்கொம்பு வண்டு 1996 இல் நியூயோர்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. பொதி மரங்களோடு அது வந்ததென ஆய்வாளர் கருதினர். இத்தகைய அனுபவங்களின் பின், 2002 இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் சர்வதேச விதி ஏற்கப்பட்டது. இதன்படி மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடமாவது இருக்க வேண்டும். அப்படிச் செய்த பலெட்டில் கதிர் அடையாளமும், நாட்டின் குறியீடும், செய்தவரின் இலக்கமும், வெப்பமூட்டியதைக் காட்டும் எச்.ரீ. என்ற எழுத்துக்களும் பொறிக்கப்படும். எம்.பி. என்றிருந்தால் அது மீதைல் புரோமைட் என்னும் நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. உணவுப் பொருளுக்கு எச்.ரீ. பலெட்டையே கேட்டு வாங்குங்கள்.

முத்திரையில்லாப் பலெட்டோடு போன பொதி துறைமுகத்தில் மறிக்கப்படலாம், திருப்பி அனுப்பவும்படலாம். ஒட்டுப்பலகை, பிளாஸ்ரிக் ஆகியவற்றுக்கு இவ்விதி இல்லை. ஆனால் பிளாஸ்ரிக் பலெட் விலை கூடியது. அது திரும்பி வராத பயணத்துக்கு நமக்குக் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

களஞ்சியத்திலும் பலெட் வேண்டும்

ஏற்றுமதி செய்யாதவர்களுக்கும் இது பொருந்தும். நெல் மூட்டையோ, உரமோ, சீமெந்தோ வெறுந்தரையில் கிடக்கக்கூடாது. இதற்குப் பழைய பலெட் போதும். ஆணி வெளியே நிற்கிறதா, பலகை வெடித்திருக்கிறதா, இரசாயனம் ஊறிய மணமோ கறையோ உண்டா என்று மட்டும் பாருங்கள். அடுக்கைச் சுவரோடு முட்டாமல் தள்ளி வைத்தால் காற்றும் ஓடும், எலியும் தெரியும்.

நாம் சென்ற சங்கத்தினர் பழுதான பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த பருவத்துக்கு இப்போதே பலெட்டின் அளவைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். உங்கள் சங்கக் கூட்டத்திலும் இவற்றைக் கலந்து பேசுங்கள்: நமது பொருள் எதன்மேல் நிற்கிறது? அதன் பாரம் எவ்வளவு? அதை வாங்குபவர் கேட்கும் அளவு என்ன? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால், கைக்கு எட்டிய பலன் வழியில் சிதறிப்போகாது.