கல்லன்று, உயிர்!

லிங்கராஜபுரத்தில் வாழும் நமக்குக் கடல் அருகில் இல்லை. பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். ஆயினும் கோடை விடுமுறை தொடங்கியதும் உங்களுள் பலர் தாத்தா பாட்டியைக் காணத் தமிழ்நாட்டிற்குப் புறப்படுகின்றீர்கள். சிலர் இராமேசுவரம் வரை செல்வதுண்டு. அந்தமானுக்கோ இலங்கைக்கோ சுற்றுலா செல்லும் குடும்பங்களும் உண்டு. அவ்விடங்களில் நீங்கள் காணக்கூடிய பவளப்பாறைகளைப் பற்றியதே இப்பாடம்.

பவளம் என்றதும் பாட்டியின் கழுத்தில் உள்ள சிவந்த மணி உங்கள் நினைவிற்கு வரலாம். நவரத்தினங்களுள் ஒன்றான அந்தச் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து வந்தது. நம் கடலோரப் பவளப்பாறை அதற்கு உறவு முறையே, அதுவே அன்று. இதனை இலங்கைத் தமிழர் ‘முருகைக்கல்’ என்பர். நம் மீனவர் கடலடிப் பாறைத்திட்டுகளைப் ‘பார்’ என அழைப்பர். பாறை, கல், பார் என எப்பெயரிட்டு அழைப்பினும் அது உயிரற்ற பொருள் என்ற எண்ணமே நமக்கு எழுகிறது. இதற்கு நேர்ந்த இன்னல்களுக்கெல்லாம் இந்த எண்ணமே வேர் என்று நான் கருதுகிறேன்.

உண்மையில் பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய மெல்லுடல் உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு ஒவ்வொன்றும் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. தாய் தந்தையர் கட்டிய கிண்ணத்தின் மேல் பிள்ளைகள் கட்டுகின்றன. இவ்வாறு எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பே பவளப்பாறை. மேல் மாடியில் மட்டுமே ஆள் உண்டு. கீழுள்ளவை யாவும் முன்னோர் விட்டுச்சென்ற வீடுகள். பாலிப்பின் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் தங்கியுள்ளன. அவை வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. பவளத்தின் வண்ணத்திற்கும் பெரும்பாலும் அவையே காரணம்.

இதன் வளர்ச்சி மிக மெதுவானது. கிளைவிடும் வகைகள் சற்று விரைந்து வளரும். ஆனால் உருண்டு திரண்ட வகைகள் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்வதே அரிது. உங்கள் முழங்கால் உயரமுள்ள ஒரு திட்டைக் கண்டால், அதன் வயது உங்கள் தாத்தாவின் வயதை ஒத்திருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் பவளப்பாறைகள் சிறந்து விளங்கும் இடம் மன்னார் வளைகுடா. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றியே பவளத்திட்டுகள் வளர்ந்துள்ளன. பாம்பன் சாலைப் பாலத்தில் செல்லும்போது தென்புறம் நோக்குங்கள். தெரியும் கடல் மன்னார் வளைகுடா, அருகில் தெரியும் பசுமை குருசடைத் தீவு. 1986 ஆம் ஆண்டு இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன்பும், ஏன் அதற்குப் பின்பும், இப்பவளங்கள் கற்களாகவே நடத்தப்பட்டன. மக்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்துச் சுவர் எழுப்பினர், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர், தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினர். 1964 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் அக்கற்களை இன்றும் காணலாம். அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காப்பது பவளத்திட்டு. காவல் போனபின் தீவு நிலைப்பதெவ்வாறு? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. அதற்குக் கடல்மட்ட உயர்வோடு பவள அகழ்வும் காரணம் என்பர். 21 தீவுகள் என நாம் எழுதும் கணக்கில் அவ்விரண்டும் அடங்கும்!

2001 ஆம் ஆண்டு பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காப்பு அவற்றிற்கும் கிடைத்தது. அவற்றை உடைப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். என் சிறுவயதில் ஒரு கோயிற்பயணத்தின் முடிவில் வெண்மையான பவளக்கிளை ஒன்றை வாங்கித் தரும்படி அழுது அடம்பிடித்தேன். சட்டம் வருவதற்கு முந்திய காலம் அது. பல ஆண்டுகள் அது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. நான் அழகென்று துடைத்து வைத்தது ஓர் எலும்புக்கூடு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இனி, நீரில் இறங்குவோர் அறிய வேண்டியவை. முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, முகம் கவிழ்த்து மிதந்தபடி கடலடியைக் காண்பதை ‘ஸ்நார்க்கெலிங்’ என்பர். இதில் பெருந்தீங்கு விளைவது களைப்பினால்தான். மூச்சுக்குழாயில் நீர் புகுந்ததும் அஞ்சிய ஒருவர் கீழே பாறை இருக்கிறதே என்று கால் ஊன்றுவார். ஒரு நொடியில் இருபதாண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். அவர் பாதமும் கிழிபடும். எனவே முதலில் பவளமில்லாத மணற்பரப்பில் பயிலுங்கள். மிதவைச் சட்டை அணியுங்கள். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம். காலில் அணியும் துடுப்பை மெல்ல அசையுங்கள். வேகமாக உதைத்தால் மணல் கிளம்பிப் பாலிப்புகளின் மேல் படியும்.

மீன்களுக்கு ரொட்டி போடுவது அன்பு போலத் தோன்றும், அன்று. கிளியலகு போன்ற வாயுடைய மீன்கள் பாறையின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பவளத்திற்கு இடம் செய்கின்றன. ரொட்டி கிடைத்தால் அவ்வேலை நின்றுபோகும். வெயில் தடுக்கும் களிம்புகள் சிலவற்றில் உள்ள ஆக்சிபென்சோன் என்னும் வேதிப்பொருள் பவளத்திற்குக் கேடு என்று கருதி, ஹவாய் அத்தகைய களிம்புகளின் விற்பனையை 2021 முதல் தடை செய்தது. நீண்ட கையுள்ள நீச்சல் சட்டை அணிந்தால் களிம்பின் தேவை பெரிதும் குறையும்.

எல்லா இடத்திலும் இறங்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைத்தல் குற்றம். வனத்துறை காட்டும் இடங்களை மட்டுமே காணலாம். அந்தமானின் வண்டூர்க் கடற்பூங்காவில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரு தீவுகளை மாறி மாறித் திறந்து, ஒன்றிற்கு ஓய்வளிக்கின்றனர். திருகோணமலையை அடுத்த புறாத்தீவிலோ கரையிலிருந்தே நீந்திப் பவளத்தை அடையலாம். அந்த எளிமையே அதற்குப் பகையாயிற்று. ஆழமற்ற நீரில் பலர் நடந்தே செல்கின்றனர்.

நம் கோடை விடுமுறை பவளங்களுக்குக் கடுமையான காலம். ஏப்ரல் முதல் சூன் வரை மன்னார்க் கடல்நீர் வெப்பம் மிகும்போது பாலிப்புகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகின்றன. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளிறல் மிகுதியாக நிகழ்ந்தது. நாம் எவ்வளவு கவனமாக நீந்தினாலும் கடலின் வெப்பம் குறையப்போவதில்லை; அதற்குரிய காரணங்கள் வேறு. ஆனால் வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரும், வண்ணமும் மீளும். காய்ச்சலில் கிடப்பவரைப் போன்ற அந்த வாரங்களில்தான் படகின் நங்கூரமும் பயணியின் காலும் அதனை முடித்துவிடுகின்றன.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், பவளத் துண்டுகளைச் சிமெண்ட்டுத் தளங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கின்றனர். நாற்று நடுவது போன்ற பணி. ஆனால் வயலில் நீர் மூச்சுமுட்ட நிற்கும். நட்ட துண்டு விரலளவே இருக்கும். அதன் நுனியில் புதிய கிண்ணங்கள் தோன்றுகின்றனவா என்று பார்க்க, அவர்கள் மீண்டும் மீண்டும் நீருக்குள் இறங்குகின்றனர்.