பழைய மடிக்கணனியில் சும்மா கிடக்கும் நினைவகம்

வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற பழைய மடிக்கணனி ஒன்று எமது கிராமச் சங்கத்தின் அலுமாரியில் நெடுநாள் கிடந்தது. அதை இயக்கினால் விண்டோஸ் வருவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். உள்ளே வன்தட்டு கடகடவென்று சத்தமிடும். எறிந்துவிடவே எண்ணினோம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்த இளைஞர் ஒருவர்தான் 4 ஜிகாபைட் றாம் நினைவகம் அதில் இருப்பதைக் காட்டினார்.

வன்தட்டு வேறு, நினைவகம் வேறு. வன்தட்டு கொம்பறை போன்றது. வைத்தது வைத்தபடி இருக்கும். நினைவகம் சூடடிக்கும் களம். வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது, ஆனால் இரவுக்கு நெல்லை அங்கே விட்டுவைக்க முடியாது. எமது கணனியில் களம் விசாலமானது. கொம்பறையைத்தான் கறையான் அரித்திருந்தது.

இப்படிப்பட்ட கணனிக்குப் பொருத்தமானது பப்பி லினக்ஸ். 2003இல் அவுஸ்திரேலியரான பெரி கோலர் தொடக்கிய இம்மென்பொருள் இலவசமானது. சில நூறு மெகாபைட் அளவே கொண்டது. பென் ட்றைவில் இருந்து புறப்பட்டு முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். அதன்பின் வன்தட்டைத் தொடவேண்டிய தேவையில்லை. கழற்றிவைத்தாலும் கணனி ஓடும். இணைய வசதியுள்ள ஓரிடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கோப்பை பென் ட்றைவில் வெறுமனே பிரதிபண்ணினால் அது இயங்காது. அதற்கென உள்ள மென்பொருளைக்கொண்டே எழுதவேண்டும். அப்போது பென் ட்றைவில் முன்பு இருந்தவை அழிந்துபோகும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுங்கள். கணனியை இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் உங்கள் கணனிக்குரிய விசையை அழுத்தி, பென் ட்றைவைத் தெரிவுசெய்யவேண்டும்.

நாம் இதைச் செய்தது காணிப் பத்திர விபரங்களைப் பதிவதற்காக. இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவர்கள் எம்மிடையே பலர். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், எழுதிய திகதி ஆகியவை தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்பது எளிது. அனுமதிப்பத்திரக் காணியாயின் அதன் இலக்கமும் பிரதேச செயலாளர் பிரிவும் வேண்டும். வயதானவர்களின் ஞாபகத்தில் இருக்கும்போதே இவற்றை எழுதிக்கொள்ள விரும்பினோம்.

முதல் நாள் மாலைவரை இருந்து தட்டச்சுச் செய்தோம். கணனியின் மின்கலம் செத்துப்போனது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் நின்றது. எழுதியதில் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. களத்து நெல்லை மழை அடித்துச் சென்றதுபோலாயிற்று. மறுநாள் அதே முதியவர்களை மீண்டும் அழைத்துக் கேட்க எமக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பாட்டி மட்டும், "பறவாயில்லை மக்காள், இன்னொருக்கால் சொல்லுறன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு குடும்பத்தின் விபரம் முடிந்தவுடன் வேறொரு பென் ட்றைவில் சேமித்துவிடுகிறோம். கணனியை நிறுத்தும்போது பப்பி லினக்ஸ் "சேமிக்கவா?" என்று கேட்கும், அதற்கும் ஆம் என்றே சொல்கிறோம். விபரங்களின் பிரதிகள் இரண்டு பென் ட்றைவுகளில், இரண்டு வீடுகளில் உள்ளன. அடையாள அட்டை இலக்கங்களும் அதில் இருப்பதால் வெளியாருக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களின் விபரத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாட்டி தமது தாளைப் பொலித்தீனில் சுற்றிக் குடும்ப அட்டையோடு வைத்திருக்கிறார்.