பழைய விண்டோசுக்கு காவல் போச்சு! மாற்றுவதா, விடுவதா? நாமக்கல், சேலம் வீடுகளில் வாக்குவாதம்
சேலம்:-

"ஓடுற வண்டிக்கு எதுக்கு கண்ணு எஞ்சின் மாத்தோணும்?" என்கிறார் அப்பா.

"வண்டி ஓடுதுப்பா. பிரேக் போனா பார்க்கத்தான் ஆளில்லை" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் வீட்டில் 2025 தீபாவளி நேரத்தில் தொடங்கிய வாக்குவாதம் இது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர், அம்மாபேட்டை தறிக்காரர், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர் என்று பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். விண்டோஸ் 10-ஐ மாற்றுவதா, அப்படியே விடுவதா?

இது பற்றிய விவரம் வருமாறு:-

என்ன ஆச்சு?

விண்டோஸ் 10, 2015 ஜூலை 29-ந்தேதி வெளிவந்தது. அதற்கு கொடுத்து வந்த இலவச பாதுகாப்பை, முன்கூட்டியே அறிவித்தபடி, 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது.

கம்ப்யூட்டர் நின்று விடவில்லை. சுவிட்சை போட்டால் வழக்கம் போல ஓடும். ஆனால், புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க மாதாமாதம் வந்து கொண்டிருந்த "அப்டேட்" இனி தானாக வராது. வீட்டுக்கு பூட்டு இருக்கிறது. பூட்டு பழுதானால் சரி செய்ய ஆள் வர மாட்டான். அவ்வளவுதான் விஷயம்.

திருப்பதியையும் விடவில்லை!

"அப்டேட் போடலைன்னா குடியா முழுகிப் போகும்?" என்று கேட்பவர்களுக்கு 2017-ல் நடந்தது பாடம்.

அந்த ஆண்டு மார்ச் 14-ந்தேதியே ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அடைப்பு கொடுத்தது. பலர் அதை போடவில்லை. மே 12-ந்தேதி "வானாக்ரை" என்ற வைரஸ் கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை பூட்டிப் போட்டு, "300 டாலர் கொடுத்தால்தான் திறப்போம்" என்று கப்பம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் திணறின. கேரளாவில் பஞ்சாயத்து ஆபீசுகள், மேற்கு வங்காளத்தில் மின்சார ஆபீசுகள், ஏன், திருப்பதி தேவஸ்தான ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் கூட தப்பவில்லை.

அப்பாவின் பயம்

அப்பாவுக்கும் நியாயம் உண்டு. "எட்டு வருஷ லாரி கணக்கு அதுக்குள்ள கிடக்குது. மாத்துறேன்னு போயி அழிஞ்சு போச்சுன்னா யாரு பொறுப்பு? புதுசு வாங்குற காசுக்கு ரெண்டு டயர் மாட்டிப் போடலாமே!" என்கிறார்.

பென்டிரைவிலோ, தனி ஹார்ட் டிஸ்க்கிலோ கணக்கை காப்பி எடுத்து, திறந்து பார்த்து சரி என்று தெரிந்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும். பழைய பிரிண்டர் புதியதில் ஓடுமா என்பதையும் முதலிலேயே விசாரித்துக் கொள்வது நல்லது.

எது ஏறும்? எது ஏறாது?

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, தகுதி உள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்கு இலவசம். ஆனால் 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். இன்டெல் சிப் என்றால் பொதுவாக 8-வது தலைமுறையாவது இருக்க வேண்டும். "பிசி ஹெல்த் செக்" என்ற இலவச புரோகிராம் உண்டா, இல்லையா என்று சொல்லி விடும். சில கம்ப்யூட்டரில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை போட்டு விட்டாலே போதும்.

தகுதி இல்லாததில் குறுக்கு வழியில் ஏற்றினால், அப்டேட் வரும் என்று கம்பெனி உத்தரவாதம் தரவில்லை.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் வந்தவைகளில் விண்டோஸ் 7-ம், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய "பாஸ்" லினக்சும் இருந்தன. அவைகளில் விண்டோஸ் 11 ஏறாது. படிக்க, டைப் அடிக்க, இ-வே பில் போட லினக்ஸ் போதும். காசு கிடையாது. விண்டோசுக்கென்றே செய்த கணக்கு புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது சிரமம்.

போனில் வரும் புது ஆபத்து

"மைக்ரோசாப்டில் இருந்து பேசுறோம் சார். உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு. ஒரு ஆப் போடுங்க" என்று போன் வந்தால் உடனே வைத்து விட வேண்டும். அந்த கம்பெனி தானாக யாருக்கும் இப்படி போன் செய்வது கிடையாது. ஆப்பை போட்டால் பாங்கிப் பணம் போய் விடும். ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் போலீசுக்கு சொல்ல வேண்டும்.

முடிவு என்ன?

நாமக்கல் வீட்டு கம்ப்யூட்டரை சோதித்ததில், 7-வது தலைமுறை சிப். விண்டோஸ் 11 ஏறாது!

வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13-ந்தேதி வரை பாதுகாப்பு நீட்டிப்பு தருவதாக கம்பெனி 2025-ல் அறிவித்திருந்தது. கட்டணம் 30 டாலர். செட்டிங்கை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்தால் இலவசம். மகள் அந்த இலவச வழியில் பதிவு செய்தாள். கணக்கை இரண்டு பென்டிரைவில் காப்பி எடுத்து, ஒன்றை பீரோவில் வைத்தாள்.

"பாங்கி வேலை இருக்கிற கம்ப்யூட்டரை காவல் இல்லாம விடக்கூடாதுப்பா. தவணை முடியறதுக்குள்ள புதுசு வாங்கிடணும்" என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி கண்ணு. டயரு இன்னும் ஒரு வருஷம் தாங்கும்" என்றார்.