மத்திய அலைக்கு ஒரு வளைய ஆண்டெனா

சென்னை வானொலியை 720 கிலோஹெர்ட்ஸிலும் திருச்சியை 936 கிலோஹெர்ட்ஸிலும் தேடுகிறீர்கள், கரகரப்புதான் கேட்கிறது. உடனே ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம். தொலைவிலிருந்து வரும் அலை மெலிந்திருக்கும். வீட்டு மின்கருவிகளின் இரைச்சல் அதை மூடிவிடும். முப்பது மீட்டர் வயரும் இரண்டு துண்டு மரமும் இருந்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம்.

நீட்டி மடக்கும் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. டிரான்சிஸ்டரில் மத்திய அலையைப் பிடிப்பது, பெட்டிக்குள் படுத்திருக்கும் செம்புக்கம்பி சுற்றிய ஃபெரைட் ராடு. அது விரல் நீளமே இருப்பதால் கொஞ்சம்தான் திரட்டும். பெரிய வயர் வளையம் அதிகம் திரட்டும். அதோடு ஒரு கேங் கண்டென்சரை (திருப்பி அளவை மாற்றும் கண்டென்சர்) இணைத்து நிலையத்தின் அலைவரிசைக்குச் சரியாக ட்யூன் செய்தால், ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஒத்துத் தள்ளியதுபோல் அந்த ஒரு நிலையம் மட்டும் வலுக்கும். வளையத்தின் காந்தப்புலம் பக்கத்திலுள்ள ராடுக்குத் தானே தாவும். ரேடியோவைத் திறக்கவோ வயர் இணைக்கவோ தேவையில்லை.

செய்முறை

85 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு ரீப்பர்களைப் பெருக்கல் குறிபோல் ஆணியடித்து இணையுங்கள். நான்கு முனைகளிலும் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு வெட்டுகள் போடுங்கள். பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய வயரை அவற்றில் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால், பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் கொண்ட சதுரம் கிடைக்கும். வயரின் ஒரு நுனியைக் கேங்கின் உலோகச் சட்டத்திலும், மற்றதை அசையாத தகடுகளின் காதிலும் பற்றவையுங்கள். பழைய வால்வு ரேடியோவின் 500 பிகோஃபாரட் கேங்கில் ஒரு பகுதி போதும். மத்திய அலையின் கீழ் எல்லையான 531 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எட்டவில்லையென்றால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். மேல் எல்லையான 1602 பக்கம் எட்டவில்லையென்றால் ஒன்றைக் குறையுங்கள்.

கேட்கும் முறை

பெரும்பாலான டிரான்சிஸ்டர்களில் ராடு பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். எனவே ரேடியோவின் குறுகிய பக்கம் வளையத்தின் முகத்தைப் பார்க்கும்படி அருகில் வையுங்கள். முதலில் ரேடியோவில் நிலையத்தைப் பிடியுங்கள். பிறகு கேங்கை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று எழும்.

அடுத்து, ரேடியோவையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கும்போது ஒலி உச்சம்; முகம் நோக்கும்போது அடங்கும். உச்சம் பரந்தது, கொஞ்சம் விலகினாலும் பெரிதாகக் குறையாது. அடங்கும் இடமோ மிகக் கூர்மையானது. அதனால் வேண்டிய நிலையத்தைப் பார்த்துத் திருப்புவதைவிட, தொல்லை அடங்கும் கோணத்தைத் தேடித் திருப்புவதே நல்லது. இரவில் தொலைதூர நிலையங்கள் மேலடுக்கு வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும்போதும் இது உதவும். ஆனால் மேலிருந்து வரும் அலை பகலைப்போல் முழுதாக அடங்காது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறிய, பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். கரகரப்பு நின்றால் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பின்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டு, எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குற்றவாளி கிடைத்ததும், கேட்கும் நேரத்தில் அதை அணைத்து வையுங்கள். முடியாவிட்டால் ரேடியோவை அதனிடமிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். எந்த ஆண்டெனாவும் செய்ய முடியாத வேலையை அந்த இரண்டடி தூரம் செய்துவிடும்.