நேப்பாள மலைப்பாதைகளில் நிதான நடை



ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் மட்டுமே கண்டு வாழும் நமக்குப் பனிமலை என்றாலே ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. அந்தக் கவர்ச்சியினால் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர் பலர் நேப்பாளத்திற்குச் செல்கிறார்கள். சிலர் மலை நடைக்காகப் போகிறார்கள். சிலர் முக்திநாத் தரிசனத்திற்காகப் போகிறார்கள். 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் உலகில் பதினான்கு. அவற்றுள் எட்டு, நேப்பாளத்திலோ அதன் எல்லையிலோ நிற்கின்றன. அந்த மலைகளின் அழகைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கே எப்படி நடக்க வேண்டும், நலமாக எப்படித் திரும்ப வேண்டும் என்பதை இன்று சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் உயரம் என்பதை நமக்குப் பழக்கமான இடங்களைக் கொண்டு அளந்து பார்ப்போம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரம். கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர். சபாவின் கினபாலு மலை 4,095 மீட்டர். கினபாலு ஏறியவர்களைக் கேட்டால், இரவு தங்குமிடத்தில் தலைவலியும் தூக்கமின்மையும் வந்ததாகப் பலர் சொல்வார்கள். ஆனால் மறுநாளே உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவதால் அந்தத் தொல்லை தானாகவே மறைந்துவிடுகிறது. நேப்பாளத்தில் அப்படி இல்லை. அங்கே கினபாலு உச்சியை விட உயரமான இடத்திலேயே இரவில் படுத்துத் தூங்க வேண்டியிருக்கும். கினபாலுவை இரண்டு நாளில் முடித்தவர், அதே வேகம் இமயத்திற்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த மலைப்பாதைகள் சுற்றுப்பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. திபெத்திலிருந்து உப்பும் கம்பளி ரோமமும் தெற்கே வந்தன. தாழ்நிலத்து அரிசியும் மற்றத் தானியங்களும் வடக்கே போயின. கோவேறு கழுதைகளும் கவரிமாக்களும் ஆட்டு மந்தைகளும் பொதி சுமந்த வழிகள்தாம் இன்று நாம் நடக்கும் பாதைகள். அன்னபூர்ணா மலைக்கு வடக்கே மனாங் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அவ்வூரார் மன்னர் காலத்தில் தனி வணிகச் சலுகை பெற்று, பர்மா, சயாம், மலாயா, சிங்கப்பூர் வரை வந்து வியாபாரம் செய்தவர்கள். கடல் மட்டத்து வெயிலில் பொருள் விற்றுவிட்டு, 3,500 மீட்டர் உயரத்து வீட்டிற்குத் திரும்பிய அவர்கள் கால்நடையாகத்தான் மலை ஏறினார்கள். அந்த நடையின் வேகமே அவர்களுக்குக் காப்பாக அமைந்தது.

நீண்ட காலம் நேப்பாளம் வெளிநாட்டாருக்குத் தன் கதவை அடைத்தே வைத்திருந்தது. 1950ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குழுவினர் அன்னபூர்ணா சிகரத்தில் ஏறினர். 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். 1964ஆம் ஆண்டு, கூர்க்கா படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜிம்மி ராபர்ட்ஸ் என்பவர், சாதாரணப் பயணிகளை மலைப்பாதைகளில் அழைத்துச் செல்லும் நிறுவனம் ஒன்றைக் காத்மாண்டுவில் தொடங்கினார். சிகரம் ஏறத் தெரியாதவர்களும் மலையடிவாரம் வரை நடந்து பார்க்கலாம் என்ற வழக்கம் அப்படித்தான் பரவியது. மனாங் பள்ளத்தாக்கு 1977ஆம் ஆண்டு வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது.

சரி, உயரத்திற்குப் போனால் உடம்புக்கு என்ன நேர்கிறது? மேலே பிராணவாயு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 21தான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறையக் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. 3,500 மீட்டரில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 5,400 மீட்டரில் ஏறத்தாழப் பாதியும் மட்டுமே கிடைக்கும்.

இந்தக் குறையை ஈடு செய்ய உடம்பு தானே வழி தேடுகிறது. முதலில் மூச்சு வேகமாகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரி செய்து, மூச்சு மேலும் ஆழமாவதற்கு இடம் கொடுக்கிறது. பின்னர்ச் சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இவை எல்லாவற்றிற்கும் நாட்கள் வேண்டும். பணத்தாலோ மனத்துணிவாலோ அந்த நாட்களைக் குறைக்க முடியாது. நல்ல உடற்கட்டு உள்ள இளைஞரும் இதற்கு விலக்கல்லர். சொல்லப் போனால், வலுவான இளைஞர்களே வேகமாக ஏறி எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடம்புக்கு உரிய காலத்தைக் கொடுக்காவிட்டால் உயர மலை நோய் வருகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால், பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் குணமாகும். அறிகுறியை மறைத்துக்கொண்டு ஏறினால் ஆபத்து இரண்டு வகையில் வரலாம். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பாரிக்கும். மற்றொன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். ஒரு கோட்டின் மீது குதிகாலும் கால்விரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால், மூளை வீக்கம் கண்டவரால் நேராக நடக்க முடியாது. இவற்றிற்குத் தலையாய மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல், துணையோடு இறக்கிவிட வேண்டும். பிராணவாயுவும் மருந்தும் உயிரைப் பிடித்து வைக்க உதவும். இறங்குவதற்கு அவை மாற்றாக மாட்டா.

தடுக்கும் வழி மிக எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், இரவு தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். பகலில் சற்று உயரம் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்கலாம். மதுவையும் தூக்க மாத்திரையையும் விலக்க வேண்டும். அசெட்டசோலமைட் என்ற மருந்து உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். அது தமக்குப் பொருந்துமா என்பதைப் பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இனி, புகழ் பெற்ற அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் இந்த விதியை வைத்துப் பார்ப்போம். பயணம் தொடங்கும் பெசிசஹர் 800 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. மார்சியாங்டி ஆற்றின் கரையோடு ஏறிச் சென்றால், வயல்களும் மூங்கிலும் மாறிப் பைன் காடுகள் வருகின்றன. சாமே என்ற ஊர் சுமார் 2,670 மீட்டர். அடுத்த பிசாங் சுமார் 3,200 மீட்டர். அதற்கடுத்த மனாங் சுமார் 3,500 மீட்டர். தட்டைக் கூரைக் கல்வீடுகளும் எதிரே தொங்கும் பனியாறும் உள்ள மனாங்கில் இரண்டு இரவுகள் தங்குவது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். 1973ஆம் ஆண்டு தோன்றிய இமாலய மீட்புச் சங்கம், பயணப் பருவத்தில் இங்கே மருத்துவ நிலையம் நடத்தி, உயர மலை நோயைப் பற்றிப் பயணிகளுக்கு விளக்கம் அளித்து வருகிறது. பின்னர் யாக் கர்க்கா, தோரோங் பேடி என்று படிப்படியாக ஏறி, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடக்க வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, கணவாயில் அதிக நேரம் நிற்காமல் மறுபுறம் இறங்கி, மாலைக்குள் முக்திநாத்தை அடைவது வழக்கம்.

இப்போது ஜீப் வண்டி மனாங் வரை போகிறது. ஒரு வாரம் நடந்து ஏறிய உயரத்தை ஓரிரு நாளில் எட்டிவிடலாம். வசதிதான், ஆனால் உடம்பு அந்த ஜீப்பின் வேகத்திற்குப் பழகுவதில்லை. வண்டியில் போகிறவர்கள், நடந்து வந்தவர்களை விடக் கூடுதலான நாட்கள் மனாங்கில் தங்குவதே முறை.

முக்திநாத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 3,700 மீட்டருக்கு மேல் உள்ள இத்தலம் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் பொதுவானது. வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் சாளக்கிராமம் என்று சொல்லப்படுவது இதுவே என்பர். கோயிலின் பின்னே 108 நீர்த்தாரைகள் பனிக்குளிர்ச்சியோடு கொட்டுகின்றன. கீழே ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள். இமயம் எழுவதற்கு முன்பு அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவை சான்று. பக்தர் கையில் தெய்வ வடிவமாக இருக்கும் கல்லே, நில நூலார் கையில் பூமியின் வரலாறாகவும் இருக்கிறது.

இங்கே செல்லும் நம் பெரியவர்கள் பலர் நடந்து போவதில்லை. சுமார் 820 மீட்டர் உயரத்தில் உள்ள பொக்காராவிலிருந்து விமானத்தில் இருபது நிமிடத்தில் ஜோம்சோம் போகிறார்கள். அங்கிருந்து ஜீப்பில் அன்றே முக்திநாத். ஒரே காலையில் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஏற்றம்! அதன் மேல் படியேற்றம், குளிர்ந்த நீரில் நீராட்டு. இதயக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜோம்சோமிலோ, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் போன மார்ஃபாவிலோ ஓரிரவு தங்கி, மறுநாள் மெதுவாக மேலே சென்று, தரிசனம் முடிந்ததும் கீழே வந்து தூங்குவது நலம். அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

எவரெஸ்ட் அடிவாரப் பாதையிலும் இதே விதிதான். லுக்லா விமானத்தளம் சுமார் 2,860 மீட்டர். நாம்சே பஜார் சுமார் 3,440 மீட்டர். அடிவார முகாம் சுமார் 5,360 மீட்டர். நாம்சேயிலும் டிங்போசேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குவது வழக்கம். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், நம் தமிழ்ப் பிள்ளைகளான மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் மலேசியர்களிலேயே முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் உச்சிக்குப் புறப்படும் முன், முகாமிலிருந்து முகாமுக்கு ஏறியும் இறங்கியும் உடம்பைப் பல வாரம் பழக்குகிறார்கள். வீரர்களுக்கே அவ்வளவு காலம் வேண்டுமென்றால் நமக்குச் சொல்லவும் வேண்டுமா? முதன்முறை செல்பவர்களும் குடும்பத்தோடு செல்பவர்களும் 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் குன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்னபூர்ணாவும் தௌலகிரியும் விடியற்காலையில் பொன்னிறமாவதை அங்கிருந்தே கண்ணாரக் காணலாம்.

அக்டோபர், நவம்பர் மாதங்களும், மார்ச் முதல் மே வரையும் நடைக்கு ஏற்றவை. ஆனாலும் வானிலையை எப்போதும் கேட்டறிய வேண்டும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயலின் எச்சம் இமயம் வரை சென்று, தோரோங் கணவாய் வட்டாரத்தில் கடும் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல பருவமென்று நம்பிப் புறப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பாலான பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் வெளிநாட்டார் நடக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நேப்பாள அரசு விதித்திருப்பது நம் நன்மைக்கே.

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. நம் மூட்டையைச் சுமந்து வருபவர் மலைவாசிதானே, அவருக்கு என்ன என்று எண்ணுகிறோம். சுமை தூக்குவோரில் பலர் தாழ்நிலக் கிராமத்து ஏழை உழவர்கள். உயரம் நம்மைப் போலவே அவர்களையும் தாக்கும். கூலி போய்விடுமே என்ற அச்சத்தில் அவர்கள் தலைவலியை வெளியே சொல்வதில்லை. அவருக்குக் கம்பளி உடையும் தங்க இடமும் உண்டா என்று நாம் கேட்க வேண்டும். அவர் நோயுற்றால், தனியே அனுப்பாமல் துணை சேர்த்துக் கீழே அனுப்ப வேண்டும்.

ஆகவே நேயர்களே, பயணத் திட்டம் தீட்டும்போது, எத்தனை நாளில் முடிக்கலாம் என்று கேட்பதற்கு முன், எங்கெங்கே எத்தனை இரவு தங்குகிறோம், அந்த இடத்தின் உயரம் என்ன என்று கேட்போம். விடுமுறையில் இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்கி வைப்போம். அந்த இரண்டு நாள் ஓர் உயிரின் விலையாகவும் இருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. கணவாய்க்கு அரை நாள் தொலைவில் தலை வலித்தால், திரும்பி வருவதில் வெட்கம் ஏதுமில்லை. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைக் காண நாமும் இருக்க வேண்டும்.